மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றும்முன் சிறுநீரகத்தைக் கணிப்பது எப்படி?

மூளை லிம்போமாவுக்கு (நிணநீர்ச் செல் புற்றுநோய்) உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிராம்வரை ஏற்றும் புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீர் அமிலமாக இருந்தால் மருந்து நுண்குழாய்களில் படிகமாகி அடைத்துக்கொள்ளும். பிறகு ரத்தத்தில் தேங்கும் மருந்து எலும்பு மஜ்ஜையையும் வாய்ச் சவ்வையும் பதம் பார்க்கும்.

சிறுநீரகம் வெளியேற்றும் தசைக்கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள். 60 வயது, 45 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 140-இல் வயதைக் கழித்தால் 80. அதை எடையால் பெருக்கினால் 3600. அதை 72 × 0.9-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 47 மில்லிலிட்டர்தான்! 60-க்குக் கீழே இருந்தால் முழு டோஸை அப்படியே ஏற்றக்கூடாது. தசை வற்றிய நோயாளிக்கு இந்தக் கணக்கும் கிளியரன்ஸை உண்மையைவிடக் கூட்டிக் காட்டிவிடும், எச்சரிக்கை தேவை.

அடுத்து மருந்துச் சீட்டு. வலிமருந்தான டைக்ளோஃபெனாக், ஆன்டிபயாட்டிக்குகளான கோட்ரைமாக்ஸசோல், பைபராசிலின் ஆகியவை மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைத் தடுக்கும். பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் எழுதும் அசிடிட்டி மருந்து பான்டோபிரசோலும் அப்படித்தான். முன்கூட்டியே நிறுத்துங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் வடித்துவிட்டே தொடங்குங்கள். மருந்து அதில் தேங்கி, நாள்கணக்கில் ரத்தத்துக்குக் கசியும்.

சோடியம் பைகார்பனேட் கலந்த டிரிப் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3.5 லிட்டர். சிறுநீரின் பிஎச் (அமில-கார அளவு) 7-ஐத் தொட்ட பிறகே மருந்தைத் திறக்க வேண்டும். பிறகும் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் டிப்ஸ்டிக்கில் (சோதனைப் பட்டை) பிஎச் பாருங்கள். இரவு ஷிஃப்டில்தான் இது தவறிப்போகும்.

நான்கு மணி நேரத்தில் ஏற்றிய மருந்து, தொடங்கியதிலிருந்து 24 மணியில் லிட்டருக்கு 10 மைக்ரோமோல், 48-இல் 1, 72-இல் 0.2 என்ற அளவுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டாலோ, கிரியாட்டினின் ஒன்றரை மடங்கானாலோ சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். 24-ஆம் மணியில் 15 மில்லிகிராமில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் லியூகோவோரினை (மெத்தோட்ரெக்ஸேட்டின் பாதிப்பிலிருந்து செல்களைக் காக்கும் மருந்து) உடனே கூட்ட வேண்டும்.

மிக மோசமானால், ரத்தத்திலுள்ள மெத்தோட்ரெக்ஸேட்டைச் சிதைக்கும் நொதியான குளுக்கார்பிடேஸ், கிலோவுக்கு 50 யூனிட். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியதிலிருந்து 60 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் லியூகோவோரின் கூடாது. அதையும் இது சிதைத்துவிடும். கொடுத்த பின் 48 மணி நேரத்துக்கு, மருந்தின் அளவைப் பார்க்கும் வழக்கமான இம்யூனோஅஸே (எதிர்ப்பொருள் சார்ந்த) ரத்தப் பரிசோதனை, சிதைந்த துணுக்கையும் சேர்த்து எண்ணி மருந்தின் அளவைக் கூட்டிக் காட்டும்.