மொட்டை மலை என்று ஒன்று இல்லை: நல்ல மனத்தோடு நாம் செய்யும் தவறுகள்

ஜூன் 5 நெருங்கினாலே எனக்குள் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்ளும். சுற்றுச்சூழல் நாளை ஒட்டி ஊர்தோறும் மரக்கன்று நடுகிறார்கள். பள்ளி வளாகத்திலும் சாலையோரத்திலும் நட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் சிலர் அதே கன்றுகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். மலைமேல் மொட்டையாகக் கிடக்கும் சரிவுகளைப் பச்சையாக்க வேண்டுமாம்.

கல்லூரி நாட்களில் நானும் அப்படி ஒரு குழுவோடு நீலகிரிக்குப் போயிருக்கிறேன். ஒரு சரிவு முழுக்கக் குழி தோண்டினோம். எருமை மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அருகில் வந்து, "இங்கே எப்போதுமே மரம் இருந்ததில்லையே தம்பி, ஏன் நடுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த மலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

காட்டைக் கொள்ளையடிப்பவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே நான் எழுதப்போவது இயற்கையை நேசிப்பவர்கள் இயற்கைக்குச் செய்யும் தீங்குகளைப் பற்றி. இவற்றைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

புல்வெளியை வெற்று நிலம் என்று எண்ணுவது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரி, பழனி மலை, ஆனைமலை ஆகியவற்றின் உயரமான பகுதிகளில் மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த சோலைக்காடு இருக்கும். அதைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் முகடுகளிலும் புல் மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல எல்லைக்கோடு தெரியும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு, யாரோ காட்டை வெட்டி அழித்ததில் மிச்சமானது இது என்றுதான் தோன்றும்.

உண்மையில் அந்தக் கோட்டைக் காத்து நிற்பதில் உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த சரிவுகளில் பனி உறைகிறது. சோலை மரத்தின் விதை புல்லுக்குள் விழுந்து முளைத்தாலும் அதன் இளந்தளிர் அந்தக் குளிரில் கருகிவிடுகிறது. புல்லுக்கு வளரும் பகுதி தரையை ஒட்டியே இருப்பதால், மேலே காய்ந்தாலும் மழை வந்ததும் மறுபடி துளிர்த்துவிடும். காற்றும் தீயும் மேய்ச்சலும் இதற்குத் துணை நிற்கின்றன.

மனிதர்கள் காட்டை அழித்ததால் உண்டான புல்வெளி இது என்ற ஐயம் ஒரு காலத்தில் அறிஞர்களுக்கும் இருந்தது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் மக்கிய தாவரப் பொருள் அதற்கு விடை தந்தது. வெப்பப் புல்லினங்களும் மரங்களும் கரியமில வாயுவை உள்வாங்கும் முறை வேறு. அந்த வேறுபாட்டின் தடயம் அவை மக்கிய பிறகும் கரிமத்தில் தங்கிவிடும். அப்படி ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில் புல் செழித்திருந்தது தெரியவந்தது. உழவு என்ற ஒன்றை மனிதன் அறிவதற்கும் முன்பு!

அந்தப் புல்லை நம்பித்தான் நம் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது. மேய்வதற்குப் புல்லும், ஆபத்து வந்தால் ஏறித் தப்பப் பாறைச்சரிவும், பகையைத் தொலைவிலேயே கண்டுகொள்ளத் திறந்த வெளியும் அதற்கு வேண்டும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை இந்த உயர்மலைப் புல்லைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியும் இந்தச் சரிவுகளின் செடிதான்.

இவ்வளவும் வாழும் இடத்துக்கு அரசு ஆவணங்களில் கிடைத்த பெயர் "தரிசு". வரி தராத நிலத்தையும் மரம் தராத நிலத்தையும் வீண் நிலமாகப் பார்த்தது ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கு. அந்தப் பார்வையை நாம் இன்னும் உதறவில்லை. "மொட்டை மலை" என்று சொல்லும்போது நம் வாயில் வருவதும் அதே கணக்குதான்.

எந்த மரமானாலும் நல்லதே என்று நம்புவது

1843இல் நீலகிரிக்கு யூகலிப்டஸ் வந்தது. உள்ளூரில் கற்பூர மரம் என்பார்கள். குடியேறிய ஆங்கிலேயர்கள் விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்த பிறகு, சீக்கிரம் வளரும் மரம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்த இன்னொரு மரம் சீகை. ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு. அதன் பட்டையில் தோல் பதனிடும் டானின் இருக்கிறது. விடுதலைக்குப் பிறகு, தோல் தொழிலுக்காகவும் செயற்கை இழைத் தொழிலுக்காகவும் இவ்விரண்டையும் புல்வெளிகளில் பெருமளவில் நட்டார்கள். நட்டவர்கள் யாரும் அழிவை விரும்பியவர்கள் அல்லர். பயனற்றுக் கிடக்கும் நிலத்தைப் பயனுள்ளதாக்குகிறோம் என்றே நினைத்தார்கள்.

அதன் விளைவைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டவை அயல் மரங்கள். நட்ட இடத்தோடு அவை நிற்கவுமில்லை. சீகை தானாகவே விதை பரப்பி, யாரும் நடாத சரிவுகளிலும் ஏறிக்கொண்டே போகிறது.

"மரம் மழையைக் கொண்டுவரும், மரம் நீரைச் சேமிக்கும்" என்று சிறுவயதிலிருந்து படித்துவிட்டோம். இந்த மலைகளில் அது அப்படியே பொருந்தவில்லை. ஊட்டியை அடுத்த கிளென்மார்கனில், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டு, ஓடைநீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிமரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக உயர்ந்தது. ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று, ஆழ வேர்விட்டு, உறிஞ்சிய நீரை இலை வழியே வெளியேற்றும் மரம் அது. புல் கோடையில் காய்ந்து ஓய்ந்துவிடும். அதன் அடியில் உள்ள மண் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சதுப்புகளின் வழியாகச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும்.

அந்த ஓடைகள்தான் கீழே பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, பவானிசாகரில் சேர்ந்து, கோபிச்செட்டிப்பாளையத்து வயல்களுக்குப் பாய்கின்றன. மலையில் ஒரு சரிவு மாறினால் அந்த வயல்களுக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

சோலை மரத்தைப் புல்லில் நடுவது

அயல் மரம் கூடாது என்று அறிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. "நாங்கள் நாட்டு மரம்தான் நடுகிறோம்" என்பார்கள். நாவல் இனமே ஆனாலும் அதற்குரிய இடம் சோலை. புல்வெளியில் நட்டால் ஒன்று பனியில் சாகும், அல்லது தண்ணீர் விட்டுக் கவனமாகப் பிழைக்க வைத்தால் புல் சாகும். சமவெளியிலிருந்து வேம்பும் புங்கனும் கொண்டுபோய் நடுபவர்களும் இருக்கிறார்கள். நாட்டு மரம் என்ற சொல்லை நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மலை, அந்த உயரம், அந்தச் சரிவு என்று பார்க்க வேண்டும்.

காரில் போய்க்கொண்டே விதைப்பந்து வீசுவதும் இதே வகைதான். எந்த விதை எங்கே விழுகிறது என்று வீசுபவருக்கே தெரியாது. தயவுசெய்து மலைப்பாதையில் அதைச் செய்யாதீர்கள்.

பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவருவது

ஊர் நினைவில் ஏங்கிய ஆங்கிலேயர்கள் தோட்டத்தில் வைத்த ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடி, இன்று நீலகிரிப் புல்வெளிகளில் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அழகுக்காக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி, மான்களும் யானைகளும் மேய வேண்டிய புல்லை முதுமலைக் காட்டில் மூடிவிட்டது. நிழலுக்கும் பூவுக்கும் வளர்க்கப்பட்ட மஞ்சள் கொன்றை வகை ஒன்றும் அதே முதுமலையில் பெருகியிருக்கிறது. மலையில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள், நர்சரியில் செடி வாங்கும்போது இதை நினைத்துக்கொண்டால் போதும்: வேலிக்குள் வைத்த செடியின் விதையைப் பறவை வேலிக்குள்ளேயே வைத்திருக்காது.

ஒரே வீச்சில் பிடுங்கி எறிய நினைப்பது

தவறு புரிந்ததும் எழும் கோபம் அடுத்த தவறைச் செய்ய வைக்கிறது. "அயல் மரமா? எல்லாவற்றையும் உடனே வெட்டு" என்று முழங்குகிறோம். வெட்டும் நாளில் படம் எடுப்பவர்கள் பலர். இரண்டு ஆண்டு கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பார்ப்பவர்கள் சிலரே.

சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. மேலே மரம் நிற்கும்வரை நிழலில் பேசாமல் இருக்கும். மரத்தை வெட்டியதும் வெயில் படுகிறது, மண் கிளறப்படுகிறது, குப்பையை எரித்தால் வெப்பமும் சேர்கிறது. சீகை விதையின் கடினமான தோலை உடைக்கத் தீயைப் போல ஒன்று இல்லை. அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடத்தில் புல்லைத் தேடினால், நாற்றங்கால் போல நெருக்கமாகச் சீகைக் கன்றுகள்தான் நிற்கும். முன்பு நூறு மரம் இருந்த இடத்தில் இப்போது பல்லாயிரம் கன்று. மஞ்சள் கொன்றை வேறு விதத்தில் ஏமாற்றும். வெறுமனே வெட்டினால் அடித்தண்டிலிருந்து பல கிளைகளாகத் தழைத்துவிடும்.

செங்குத்தான சரிவில் ஒரே பருவத்தில் எல்லா மரத்தையும் அகற்றினால் பெருமழையில் மண் சரியும் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. சோலையை ஒட்டி நிற்கும் பழைய சீகைத் தோப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், சில இடங்களில் அந்த நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருவதைக் காணலாம். உறைபனியிலிருந்து அவற்றுக்கு அங்கே காப்பு கிடைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தை வெட்டித் திறந்தால் நாம் அழிப்பது வருங்காலச் சோலையை. ஆகவே, எங்கே வெட்டுவது, எங்கே காத்திருப்பது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புல்வெளிக்குள் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும் இளஞ்சீகையை முதலில் அகற்றுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. புல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் மீட்பது எளிது. நாற்பது ஆண்டுத் தோப்பின் அடியில் புல்லின் விதையே மிச்சமிருக்காது.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றும் பணியும் நடக்கிறது. எத்தனை ஏக்கரில் வெட்டினோம் என்ற எண்ணிக்கையோடு, எத்தனை ஏக்கரில் புல் திரும்பியிருக்கிறது என்ற எண்ணிக்கையையும் நாம் கேட்க வேண்டும்.

அங்கே வாழ்பவர்களைக் கேட்காமல் செய்வது

உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளேயே தோடர்களின் "மந்து" ஒளிந்திருக்கிறது. மந்து என்றால் அவர்களின் குடியிருப்பு. அவர்களின் எருமைகளுக்கும் வழிபாட்டுக்கும் ஆதாரம் இந்தப் புல். கோயில்களுக்குக் கூரை வேய்வதும் சதுப்பில் வளரும் குறிப்பிட்ட ஒரு புல்லால்தான். எருமை மேய்ச்சலும், காலம் பார்த்து அவர்கள் வைத்த சிறு தீயும் அந்த நிலத்தோடு நெடுங்காலம் பழகியவை. தோப்பு வைத்தபோது மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். தீயையும் தடுத்தோம். எந்தப் புல் எந்தச் சரிவில் இருந்தது, எந்த ஊற்று எந்த மாதம்வரை வற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். மீட்புப் பணியில் அவர்களைக் கூலியாட்களாக மட்டும் சேர்த்துக்கொள்வது அநியாயம், அறிவீனமும்கூட.

சரி, என்னதான் செய்வது?

மலையில் மரம் நட அழைப்பு வந்தால், கன்று எத்தனை என்று கேட்பதற்கு முன் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். "சும்மா கிடந்தது" என்று பதில் வந்தால் போகாதீர்கள். கன்றுகளை உங்கள் தெருவிலேயே நடுங்கள், அங்கே நிழல் தேவைப்படுகிறது.

மலைக்கே போய் உழைக்க விரும்பினால், அதற்கும் வேலை இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடும் உள்ளூர்க் குழுக்களோடும் சேர்ந்து அயல் கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது இளஞ்சீகை வேரோடு வந்துவிடும். ஒரு வயது கடந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும். நாற்றங்காலில் நாட்டுப் புல்லைத் தூர் பிரித்து வளர்க்கும் வேலையும் உண்டு. நல்ல புல்வெளியில் பல இனப் புற்கள் கலந்து நிற்பதால், ஒரே இனத்தை நட்டு முடித்துவிட முடியாது. பிரித்த தூரைக் கைப்பிடி கைப்பிடியாகச் சரிவில் ஊன்றுவார்கள். அது வேர்பிடித்து ஒன்றையொன்று தொடச் சில மழைக்காலங்கள் ஆகும். அதுவரை ஆண்டுதோறும் திரும்பிப் போய், இடையே முளைத்த சீகையைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் குழி தோண்டிய அந்தச் சரிவுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் போனேன். எங்கள் கன்றுகளில் பெரும்பாலானவை பனியில் செத்திருந்தன. குழிகளில் மட்டும் புல் திரும்பவில்லை. கிளறிய அந்த மண்ணில் முழங்கால் உயரத்துக்குச் சீகை முளைத்திருந்தது. குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.