முற்றத்துக்குப் போகும் முன்: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்க வரும் புதியவர்களோடு ஒவ்வொரு ஜூனிலும் உட்காருகிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறார்கள். தப்புகள் மட்டும் எங்கள் காலத்துத் தப்புகளேதான். தலை எண்ணுவது, தண்ணீர் பாட்டில், குளத்தங்கரையில் கவனம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

விடையைச் சொல்லிவிட்டு வெளியே போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

கடலோரப் பள்ளி ஒன்றில் ஜூலை மாதம், மூன்றாம் வகுப்பு. ‘நண்பகலில் நிழல் வடக்கே விழும்’ என்று கரும்பலகையில் முதலிலேயே எழுதிப் போட்டாயிற்று. பிறகுதான் முற்றத்தில் கம்பு நட்டார்கள். சாரல் விட்டு வெயில் அடித்தது. ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சரே, நிழலு கடலுக்க பக்கமாட்டுல்லா கிடக்கு” என்றான். அந்த ஊருக்குக் கடல் தெற்கே. டீச்சர் எட்டிப் பார்த்தார். “கம்பு சாஞ்சு நிக்குது மக்கா, போர்டுல உள்ளத எழுது” என்றார். பையன் ‘தெற்கு’ என்று எழுதியிருந்ததை எச்சில் தொட்டு அழித்தான். தாளில் ஓட்டை விழுந்தது.

பையன் சொன்னதுதான் சரி. நம் கன்னியாகுமரி மாவட்டம் வட அட்சம் 8 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 11 வாக்கில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்கே நகர்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில்தான் மறுபடி தலைக்கு மேல் வரும். நடுவில் உள்ள மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். ஜூன் கடைசியில் ஒரு மீட்டர் கம்புக்குத் தெற்கே சுமார் 27 செ.மீ., டிசம்பர் கடைசியில் வடக்கே சுமார் 61 செ.மீ. வருஷம் முழுக்க வடக்கே என்பது டெல்லிக்குப் பொருந்தும். இன்னொன்று, நிழல் மிகக் குறுகுவது இங்கே மணி 12க்கு அல்ல. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அது 12.20ஐத் தாண்டிவிடும்.

திசை தப்பானதுகூடப் பெரிதில்லை, நாளைக்குத் திருத்தலாம். ஆனால் அதன் பிறகு அந்த வகுப்பில் இலையைக் காட்டினாலும் எறும்பைக் காட்டினாலும், “என்ன தெரியுது?” என்று கேட்டால் பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். அதைத் திருத்த ஒரு வருஷம் போதாது.

கம்பை நடுங்கள். நிழல் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். “அடுத்த பெல்லுக்கு எங்க நிக்கும்?” என்று கேட்டு, ஆளுக்கொரு கல்லை அவரவர் நினைக்கிற இடத்தில் வைக்க விடுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். கஷ்டமான பகுதி இதுதான். மேகம் மூடினால் மறுநாள் பார்க்கலாம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் நிழலுக்குத் தேதி குறித்துப் பாடத்திட்டம் எழுதுவதே வீண்.

ஆறு பேருக்கு ஒரு ஸ்கேல்

ஒருவன் அளப்பான், ஐந்து பேர் தட்டான் பிடிப்பார்கள். தென்னை ஈர்க்கில் ஆளுக்கொன்று ஒடித்துக் கொடுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

குன்றிமணி

வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, உள்ளே கொடிய விஷம். தோடு கெட்டியாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. மாலை கோக்கத் துளை போட்டாலோ, பிள்ளை கடித்தாலோ உயிருக்கே ஆபத்து. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். ரப்பர் கொட்டையைப் பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள், சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடும் வைப்பார்கள். எண்ணலாம், அடுக்கலாம், ஆனால் பச்சையாகத் தின்றால் அதுவும் விஷம். வேலை முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

போட்டோ

முடிந்தபின் ஒன்று.

திரும்பி வந்ததும் போர்டைப் பார்த்து எழுத வைப்பது

வாழைத் தோப்புக்குப் போய் மட்டிக் குலையில் சீப்பு எண்ணிவிட்டு வந்த பிள்ளைகளை, ‘வாழையின் பயன்கள்’ பத்து வரி எழுத வைப்பதில் என்ன இருக்கிறது? ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்ட வகுப்பில், தொடக்க நிலையான அரும்பு, நடு நிலையான மொட்டு, மேல் நிலையான மலர் மூன்றும் ஒன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறது. மலர், தான் எண்ணிய சீப்புக் கணக்கை இரண்டு வரியில் எழுதட்டும். மொட்டு, படம் வரைந்து பெயர் போடட்டும். அரும்பு வரைந்தால் போதும். படத்துக்குக் கீழே அவன் சொல்வதை அவன் சொன்னபடியே நீங்கள் எழுதிக் கொடுங்கள்.