காட்டுத்தீயை வானிலிருந்து கண்காணிப்பது எப்படி

காட்டுத்தீக் கண்காணிப்பில் செயற்கைக்கோள் இருந்தால் ட்ரோன் தேவையில்லை என்றோ, ட்ரோன் வாங்கிவிட்டால் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டியதில்லை என்றோ எண்ணுவது தவறு. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். அங்கே எரிவது என்ன, எவ்வளவு என்பதை ட்ரோன்தான் சொல்லும்.

முதலில், நாசா இலவசமாக வழங்கும் ஃபர்ம்ஸ் வரைபடத்தில் உங்கள் வனப்பகுதியைக் குறித்து, மின்னஞ்சல் எச்சரிக்கைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில், செயற்கைக்கோள்களில் பொருத்திய மோடிஸ் கருவியின் தரவு 1 கிலோமீட்டர் பிக்சலிலும் (படத்தின் ஒரு கட்டம்), வியர்ஸ் கருவியின் தரவு 375 மீட்டர் பிக்சலிலும் வருகின்றன. தீயைக் குறித்துத் திரையில் தெரியும் புள்ளி தீ எரியும் இடமன்று, அந்தப் பிக்சலின் நடுப்புள்ளி மட்டுமே. 375 மீட்டர் பிக்சல் ஒன்று ஏறத்தாழ 14 ஹெக்டேர் நிலத்தை அடக்கியது. தீ அதன் ஒரு மூலையில் இருக்கலாம். இதை அறியாமல் புள்ளியின் ஆயத்தொலைவை அப்படியே ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும் குழு, புகையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு செயற்கைக்கோளைக் குறைசொல்லும். ஆகவே புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தையே தேடும் பகுதியாகக் கொடுங்கள்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். வியர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் உள்ளூர் நேரப்படி பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றரை மணியையொட்டிக் கடக்கின்றன. தரவு வந்துசேர மேலும் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மாலை மூன்று மணிக்குப் பற்றிய தீயை நள்ளிரவுக்குப் பிறகே அவை காணும். இந்த இடைவெளியை ஈடுகட்ட, பூமியின் ஒரே பகுதியை எப்போதும் பார்த்தபடி நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் உள்ளன. அவற்றுள் சில பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் தந்தாலும், அகச்சிவப்புப் பிக்சல் சுமார் 2 கிலோமீட்டர் என்பதால் சிறு தீ அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடும். அடர்ந்த மரக்கிளைகளுக்குக் கீழே சருகில் ஊர்ந்து செல்லும் தரைத்தீயும் அப்படித்தான். புள்ளி இல்லை என்பதைத் தீ இல்லை என்று படிக்காதீர்கள். மாறாக, ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் அது பெரும்பாலும் சூளையாகவோ ஆலைப் புகைபோக்கியாகவோ இருக்கும். தீக்காலத்துக்கு முன்பே அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோனைப் பறக்கவிடுமுன் வான்வெளி அனுமதியோடு, தீயணைப்புப் பணியின் பொறுப்பாளரிடமும் ஒப்புதல் பெற வேண்டும். இது வெறும் சடங்கு அன்று. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் தீயை அணைத்துக்கொண்டிருந்த நீர்வீசும் விமானம் ஒன்றின் மீது தனியார் ட்ரோன் மோதி இறக்கையில் துளை விழுந்தது. தேவை மிகுந்திருந்த நேரத்தில் அந்த விமானத்தைப் பணியிலிருந்து விலக்க நேர்ந்தது. ஹெலிகாப்டரின் ஒலி கேட்டால், அனுமதி கையில் இருந்தாலும் ட்ரோனைத் தரையிறக்கிவிடுங்கள்.

என் அனுபவத்தில், ட்ரோன் தன் விலைக்கு ஈடான பயனைத் தருவது தீ கொழுந்துவிட்டு எரியும்போது அன்று, அது அடங்கியதாகத் தோன்றிய பிறகுதான். நீறு பூத்த நெருப்பு அடிமரத்திலும் வேரிலும் நாள்கணக்கில் கிடந்து, காற்று எழும்போது தீத்தடுப்புக் கோட்டினைத் தாண்டும். அதைத் தேடச் சூரியன் எழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமே சிறந்தது. பகலில் வெயில் குடித்த பாறைகளும் வெப்பப் படத்தில் கங்கு போலவே மின்னும். 640×512 பிக்சல் கொண்ட, 13 மில்லிமீட்டர் வில்லையுள்ள வழக்கமான வெப்பக் கேமரா 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டரைக் காட்டும்; கைப்பிடியளவு கங்கைக்கூட அதில் ஐயுற முடியும்.

இங்கே பலர் சறுக்குவது வண்ண அமைப்பில். கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், படச்சட்டத்துக்குள் எது மிகச் சூடானதோ அதை வெள்ளையாகக் காட்டும். குளிர்ந்த காட்டில் மான் ஒன்று படுத்திருந்தாலும் அது நெருப்பாகத் தெரியும். எனவே வெப்ப எல்லைகளைக் கையால் நிலைநிறுத்திவிட்டு, எரிந்த பரப்பின் விளிம்பை ஒட்டி, பாதைகள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு பறக்கவிடுங்கள். மின்கலத்தில் 30 விழுக்காடு மிச்சமிருக்கும்போதே திருப்புங்கள், எதிர்க்காற்றில் திரும்பும் வழி நீளும். கண்ட ஒவ்வொரு சூட்டுப் புள்ளியையும் ஆயத்தொலைவோடும் பார்த்த நேரத்தோடும் தரைக்குழுவுக்கு அனுப்புங்கள். நேரம் குறிக்காத படம் களத்தில் பயன்படாது. கேமரா மேற்பரப்பை மட்டுமே காண்பதால், அந்த இடத்தில் மண்ணைக் கிளறி, புறங்கையை அருகே கொண்டுசென்று சூடு பார்ப்பது இன்றும் தரைக்குழுவின் வேலைதான்.

தீ முழுதும் அணைந்தபின், ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இலை அண்மை அகச்சிவப்பை மிகுதியாகப் பிரதிபலிக்கும். கருகிய நிலம் குற்றலை (குறுகிய அலை) அகச்சிவப்பை மிகுதியாகப் பிரதிபலிக்கும். முன்னதைப் பதியும் எட்டாம் பட்டையின் மதிப்பிலிருந்து பின்னதைப் பதியும் பன்னிரண்டாம் பட்டையின் மதிப்பைக் கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எரிவுக் குறியீடு கிடைக்கும். தீக்கு முந்தைய குறியீட்டிலிருந்து பிந்தையதைக் கழிக்க வரும் எண் 0.66ஐத் தாண்டினால் கடும் எரிவு என்று கொள்வது வழக்கம். இரண்டு படங்களும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும், இல்லையேல் இலையுதிர்வே எரிவாகக் கணக்கில் ஏறிவிடும். நீர்நிலைகளையும் மேக நிழல்களையும் மறைத்துவிட்டுக் கணக்கிடுங்கள். பிறகு, கடும் எரிவும் செங்குத்துச் சரிவும் ஒன்றுசேரும் இடங்களைப் பிரித்தெடுத்து, முதல் மழை மண்ணை அரித்துச் செல்வதற்கு முன் தடுப்புப் பணியை அங்கிருந்து தொடங்குங்கள்.