45 லட்சத்து வண்டி 12 லட்சத்துக்கு வருகிறதா? டோக்கன் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

பழைய பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது விலைதான். புதிதில் 45 லட்சத்துக்குப் போன வண்டி பத்து வருஷம் கழித்து 12 லட்சத்துக்கு நிற்கும், டாப் மாடல் கிரெட்டா விலைகூட இல்லையே என்று மனசு துள்ளும். ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான், ஸ்பேரும் லேபரும் இன்னும் அந்த 45 லட்சத்து வண்டிக்கு உரியவை. அதனால் ஒரு நோட்டை எடுத்து முதல் வரியில் அந்த மாடலின் புது விலையை எழுதுங்கள், கேட்கிற விலை அதற்குக் கீழே வரட்டும்.

முதல் படி, இன்ஜின் எது என்று பிடிப்பது. "பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் டீசல்" என்பது போதாது. அந்த வரிசையின் 320டி மாடலில் பழையதில் என்47 இன்ஜின், பின்னால் வந்ததில் பி47. என்47-ல் டைமிங் செயின், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, கியர்பாக்ஸ் பக்கமாக, இன்ஜினின் பின்புறம் இருக்கிறது, அது தேய்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது, செயின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் உங்களைப் பயமுறுத்தும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் என்றால் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறதா பாருங்கள். காற்றுப் பை கசிந்தால் அதை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் போய்விடும். நீங்கள் பார்க்கும் இன்ஜினுக்கு இப்படிப் பேர்போன பெரிய செலவு எது என்று தெரிந்துகொண்டு நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி. விற்பவர் காட்டும் பைலோடு நிற்காமல், அவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். 8 ஸ்பீட் இசட்எஃப் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கட்டாயம் பாருங்கள். அதை மாற்றவே வேண்டாம் என்பார்கள், ஆனால் கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

மூன்றாவது, இன்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியைப் பார்ப்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அண்ணா நகரில் ஒரு டீசல் செடான் பார்க்கப் போனேன், "காலையில் 7 மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன், போய் பானெட்டில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. "பேட்டரி சார்ஜ் ஏறட்டும்னு கொஞ்ச நேரம் ஓடவிட்டேன் சார்" என்றார். திரும்பி வந்துவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் 6 மணிக்கே போய் நின்றேன். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து சல்லடையில் ஆணி போட்டு ஆட்டினது போல ஒரு சத்தம், பத்து விநாடிதான் இருக்கும், அப்புறம் அடங்கிவிட்டது. தேய்ந்த டைமிங் செயின் இப்படித்தான் சத்தம் போடும். சூடான இன்ஜினில் அது கேட்டிருக்கவே கேட்டிருக்காது.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா, டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள், இந்த வண்டிகளில் பல எலக்ட்ரானிக் பாகங்கள் தரையோடு தரையாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது எண்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) குறியின் கடைசியில் வரும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது, இன்றைக்கு அதை மாற்றத்தான் வேண்டும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் சாதா டயரைவிட விலை அதிகம். உதாரணமாக நாலுக்கும் சேர்த்து 80,000 ரூபாய் கொட்டேஷன் வந்து 40,000 கிலோமீட்டர் ஓடுமென்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டயருக்கு மட்டும் மாதம் 2,000. பிரேக் டிஸ்க், பேட், ஆயில் சர்வீஸ், இந்த வண்டிகளில் வரும் ஏஜிஎம் வகை பேட்டரி எல்லாவற்றுக்கும் இப்படியே போடுங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கூலியையும் சேருங்கள். இன்ஷூரன்ஸை பம்பர்-டு-பம்பருக்கே, அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசிக்கே கேளுங்கள். முதல் படியில் எழுதிய பெரிய ரிப்பேருக்கு கம்பெனியில் ஒன்று, வெளி கேரேஜில் ஒன்று என இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள், அதிகமாக வருகிற தொகை வாங்குகிற அன்றே உங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும், இஎம்ஐ போட்டு வாங்குகிறவருக்கும் இதேதான்.

கடைசியாக, உங்கள் ஊரில் இந்த வண்டியைத் தொடத் தெரிந்த, சரியான ஸ்கேனர் வைத்திருக்கும் கேரேஜ் ஒன்றைத் தேடி, வாங்கும் முன்பே வண்டியை அங்கே கொண்டுபோய் ஸ்கேன் பண்ணுங்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் மதுரைக்கோ கோவைக்கோ ரெக்கவரி வேனில் ஏற்ற வேண்டுமென்றால் அந்த வாடகையும் செலவுதான்.

நோட்டில் எல்லா வரியும் நிரம்பும் வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க சார்" என்று நிச்சயம் சொல்வார்கள். வரட்டும், நீங்கள் கொட்டேஷனுக்குக் காத்திருங்கள்.