பழைய டெனிம் ஷார்ட்ஸின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

விண்டேஜ் என்ற பெயரில் விற்கப்படும் டெனிம் ஷார்ட்ஸில் பல, ஷார்ட்ஸாகத் தைக்கப்பட்டவையே அல்ல. முழு நீள ஜீன்ஸாக உழைத்துத் தேய்ந்து, பிறகு யாரோ கத்தரிக்கோல் வைத்ததால் ஷார்ட்ஸ் ஆனவை. அதனால் அவற்றுக்கு இரண்டு வயது உண்டு. ஜீன்ஸ் தைக்கப்பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது ஒன்று, அது வெட்டப்பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

1873 மே 20 அன்று, நெவாடாவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் சான் ஃபிரான்சிஸ்கோ துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் ஒரு காப்புரிமை பெற்றார்கள். பாக்கெட் ஓரங்கள் பிய்ந்து போகாமல் இருக்க உலோக ரிவெட் (குமிழ் ஆணி) அடிப்பதுதான் அதன் சாரம். சுரங்கத்திலும் பண்ணையிலும் உழைத்தவர்களுக்கான கால்சட்டை அது. முழங்காலில்தான் அது முதலில் கிழியும். கிழிந்ததைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் முழங்காலுக்கு மேலே வெட்டி வெயில் காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். டெனிம் ஷார்ட்ஸ் எந்த வடிவமைப்பாளரின் மேசையிலும் பிறக்கவில்லை. வீட்டுச் சிக்கனத்தில் பிறந்தது. எனக்கு இந்த உடை மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதுவே காரணம்.

1950களிலும் 60களிலும் கலிஃபோர்னியாக் கடற்கரை இளைஞர்கள் இந்தச் சிக்கனத்தையே பாணியாக்கினார்கள். 1979 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'தி ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொடரில் கேத்தரின் பாக் நடித்த டெய்ஸி ட்யூக் பாத்திரம் மிகக் குட்டையான வெட்டு ஷார்ட்ஸ் அணிந்தது. அந்த வடிவத்தை இன்றும் அவள் பெயரால்தான் அழைக்கிறார்கள். 80களின் பிற்பகுதியில் ஆசிட் வாஷ் என்ற திட்டுத் திட்டாக வெளுத்த டெனிம் வந்தது. 90களில் ஸ்கேட்போர்டு, ஹிப்ஹாப் இளைஞர்களிடம் முழங்காலைத் தாண்டித் தொங்கும் தொளதொள ஷார்ட்ஸ் பரவியது. 2010களில், ஸ்ட்ராஸின் லீவைஸ் நிறுவனம் தைத்த, உயர்ந்த இடுப்புள்ள பழைய 501 மாடல் ஜீன்ஸை வெட்டி அணியும் மோகம் கிளம்பியது. அப்போது வியாபாரிகள் 80கள், 90களின் ஜீன்ஸை மூட்டை மூட்டையாக வெட்டி விற்றார்கள். இன்று நீங்கள் வாங்கப் பார்க்கும் ஷார்ட்ஸ் அந்த மூட்டையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

படி 1: கையில் எடுக்க வேண்டியவை

பகல் வெளிச்சம், இன்ச் டேப், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம். இவ்வளவு போதும். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. செம்பு முலாம் பூசிய இரும்பு ஒட்டும். ரிவெட்டையும் பொத்தானையும் சோதிக்க இது உதவும்.

படி 2: வெட்டியதா, தைத்ததா?

கால் விளிம்பைப் பாருங்கள். ஆலையில் ஷார்ட்ஸாகவே தைத்ததென்றால் விளிம்பு இரண்டு மடிப்பாக மடித்து, மற்ற தையல்களில் உள்ள அதே மஞ்சள் அல்லது ஆரஞ்சு நூலால் தைத்திருக்கும். பலமுறை துவைத்த மடிப்பில் கயிறு முறுக்கியதுபோல் சாய்வான மேடுபள்ளம் விழுந்திருக்கும். கால் வாய் தொடைக்கு ஏற்ப அகலமாக இருக்கும்.

வெட்டியதில் கால் கீழே போகப் போகக் குறுகும். ஏனென்றால் அந்தக் காலின் அளவுகள் முழங்காலையும் கணுக்காலையும் நினைத்துப் போடப்பட்டவை. இரண்டு காலின் நீளமும் அரை இன்ச், ஒரு இன்ச் மாறியிருக்கும். முன்பாக்கெட்டின் உள்பை வெளியே எட்டிப் பார்ப்பதும் உண்டு. வெட்டிய பிறகு வீட்டு மெஷினில் மடித்துத் தைத்திருந்தால் நூலின் நிறமும் தையலின் நெருக்கமும் மற்ற இடங்களோடு பொருந்தாது. இப்படி வீட்டில் தைத்தவற்றை மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு குடும்பம் அதை உண்மையிலேயே பயன்படுத்தியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. பழைய துணி மொத்த வியாபாரிகளும் சில நேரம் வெட்டி மடித்துத் தைப்பார்கள். ஆனால் அந்தத் தையல் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி, புது நூலின் பளபளப்போடு இருக்கும்.

படி 3: உள்பக்கம் திருப்புங்கள்

ஜீன்ஸின் வயதுக்கான சான்று பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. முதலில் வெளிப்பக்கக் கால் தையலை விரித்துப் பாருங்கள். பழைய நாடாத் தறியில் நெய்த டெனிம் சுமார் 30 இன்ச் அகலமே வரும். அந்தத் துணியின் கரை பிரியாது. அதை வீணாக்காமல் கால் தையலில் அப்படியே வைத்துத் தைப்பார்கள். இதைத்தான் செல்வேஜ் என்கிறார்கள். லீவைஸுக்கு நெய்து கொடுத்த வட கரோலினாவின் கோன் மில்ஸ், கரையில் ஒரு சிவப்பு நூல் ஓடவிட்டது. 1980களில் அகலத் தறித் துணிக்கு மாறியதும் கரை மறைந்து, ஓவர்லாக் அடித்த விளிம்பு வந்தது. ஓவர்லாக் இருந்தால் அந்த 501 பெரும்பாலும் 80களிலோ அதற்குப் பிறகோ தைத்தது.

ஆனால் சிவப்புக் கரையைக் கண்டதும் பணத்தை எடுக்காதீர்கள். ஜப்பானிய நிறுவனங்களும் லீவைஸின் மறுபதிப்புப் பிரிவும் அதே கரையோடு இப்போதும் தைக்கின்றன.

அடுத்து பின்பாக்கெட்டின் மேல் மூலைகளை உள்ளிருந்து தொட்டுப் பாருங்கள். வெளியே தெரியாமல் உள்ளே மட்டும் ரிவெட் இருந்தால் அது 1937 முதல் 1966 வரை லீவைஸ் கையாண்ட முறை. நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் ரிவெட் கீறுகிறது என்று புகார் வந்ததால் துணியால் மூடினார்கள். 1966-இல் அதை நீக்கிவிட்டு, அந்த இடத்தை நெருக்கமான பூட்டுத் தையலால் பலப்படுத்தினார்கள்.

படி 4: சிவப்புத் துண்டும் பின்பாக்கெட்டும்

வலது பின்பாக்கெட்டின் ஓரத்தில் லீவைஸ் 1936 முதல் ஒரு சிவப்புத் துணித்துண்டு வைத்துத் தைக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயரில் வரும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து 1971 வரை பெரிய எழுத்தாக இருந்தது; அதன் பிறகு சிறிய எழுத்தானது. சேகரிப்பாளர்கள் "பிக் ஈ" என்று உயிரை விடுவது இதற்காகத்தான். சில துண்டுகளில் பெயரே இல்லாமல் வணிகமுத்திரைக் குறி மட்டும் இருக்கும். அது போலி இல்லை, நிறுவனம் தெரிந்தே செய்தது. ஆரஞ்சுத் துண்டு என்றால் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய நாகரிக வரிசை. 70களின் பெல்பாட்டம் பல அந்த வரிசையில் வந்தவை. அகன்ற கீழ்ப்பகுதி வழக்கொழிந்ததும் அவற்றில் நிறைய வெட்டுப்பட்டு ஷார்ட்ஸ் ஆயின.

வெட்டு ஷார்ட்ஸில் லேபிள் கிழிந்து போயிருப்பது சாதாரணம். அப்போது துணியே பேசும். பூதக்கண்ணாடியை வைத்து நெசவின் சாய்வுக் கோடுகளைப் பாருங்கள். கோடு வலப்புறமாக ஏறினால் லீவைஸ் வழக்கம். இடப்புறமாக ஏறினால் லீ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் ஜீன்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடு ஏறி உடைந்து திசை மாறினால் அது 1964 முதல் ராங்ளர் நிறுவனம் பயன்படுத்தும் உடைந்த ட்வில் (சாய்வு நெசவு). பின்பாக்கெட் தையலும் துணை நிற்கும். லீவைஸுக்கு இரட்டை வில் வளைவு, லீக்கு 1940கள் முதல் அலைபோல ஒரு நெளிவு, ராங்ளருக்கு 'டபிள்யூ' வடிவம். தையல் பிரிந்து போயிருந்தாலும் நூல் மூடியிருந்த இடம் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கும். இடுப்புப் பட்டியில் தோல் ஒட்டு இருந்த இடமும் அப்படித்தான் ஒரு கட்டமாகத் தெரியும்.

படி 5: ஜிப், பொத்தான்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பென்சில்வேனியாவின் டாலன், பிறகு ஸ்கோவில் போன்ற அமெரிக்கப் பெயர்கள் ஜிப்பின் இழுப்பில் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் ஜிப் மாற்றப்படக்கூடியது. அதைச் சுற்றியுள்ள தையலில் பழைய ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லீவைஸ் மேல்பொத்தானின் பின்புறத்தில் ஆலையின் எண் பதித்திருப்பார்கள். 555 என்று இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோவின் வலென்சியா தெரு ஆலை. 2002-இல் அது மூடப்பட்டது.

படி 6: உள்லேபிள்

புதியவர்களுக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். அமெரிக்கச் சட்டங்கள் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலத்திலும் மாற்றிக்கொண்டே வந்தன. அந்த மாற்றங்கள்தான் நமக்கு நாள்காட்டி.

துணி எந்த இழையால் ஆனது என்று எழுதுவது 1960 முதல் கட்டாயம். துவைக்கும் முறையைச் சொல்லும் நிரந்தர லேபிள் 1972 ஜூலை முதல் கட்டாயம். சொற்கள் இல்லாமல் வெறும் சின்னங்களால் துவைக்கும் முறை சொல்ல 1997-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே சின்னங்கள் மட்டும் உள்ள அமெரிக்க லேபிளை வைத்துக்கொண்டு "70களின் ஷார்ட்ஸ்" என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருந்தால் 1974 முதல் 1995 வரையிலானது. அமெரிக்காவில் லீவைஸின் கடைசிச் சொந்தத் தையல் ஆலைகள் சான் அன்டோனியோவில் இருந்தன. 2004 ஜனவரியோடு அவையும் மூடப்பட்டன.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. லேபிளில் டபிள்யூ.பி.எல். என்ற எழுத்துகளோடு நிறுவனத்தின் பதிவு எண் இருக்கும். அந்த வரிசை எண்கள் 1941 முதல் 1959 வரை வழங்கப்பட்டவை, அதன்பின் ஆர்.என். என்ற புதிய பதிவு எண் வரிசை 13670-இலிருந்து தொடர்ந்தது. ஆனால் அந்த எண் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, ஆடைக்கு இல்லை. லீவைஸின் எண் 423. 1990களின் ஜீன்ஸிலும் அதே 423தான். எண் பழையது என்பதால் ஆடை பழையதாகிவிடாது.

படி 7: மிகப் புதிய அடையாளத்தை நம்புங்கள்

எல்லா அடையாளங்களையும் ஒரு தாளில் எழுதி, அவற்றில் எது காலத்தால் பிந்தியது என்று பாருங்கள். ஆடை அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. 'பிக் ஈ' துண்டும் உள்ளே மூடிய ரிவெட்டும் இருக்கின்றன, ஆனால் லேபிளில் சின்னங்களால் துவைப்பு முறை இருக்கிறது என்றால், அது 1950களின் ஜீன்ஸ் இல்லை. பழைய வடிவத்தைப் பார்த்து அண்மையில் தைத்த மறுபதிப்பு. ஒரே ஒரு அடையாளம் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் பழையதாக நின்றால், யாரோ பின்னால் சேர்த்துத் தைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஜிப்பும் சிவப்புத் துண்டும்தான் அடிக்கடி இப்படி ஊர் மாறி வருபவை.

படி 8: வெட்டின் வயது

விற்பவர்கள் அநேகமாகப் பேசாத பகுதி இது. ஆனால் துணியைப் படிப்பதில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

டெனிமில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) நீலம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வெள்ளை. ஜீன்ஸ் காலில் பாவு மேலிருந்து கீழாக ஓடுகிறது. காலைக் குறுக்கே வெட்டினால், துவைக்கத் துவைக்க ஊடை நூல்கள் கழன்று போகும். குஞ்சமாகத் தொங்குவது பாவு. இண்டிகோ சாயம் நூலின் மேல்தோலில்தான் பிடிக்கும், நடுவே நூல் வெள்ளையாகவே இருக்கும். அணிந்து மங்கிய ஜீன்ஸில், ஊடைக்கு மேலே வெளியே தெரிந்த பாவு வெளுத்திருக்கும். ஊடைக்குக் கீழே ஒளிந்திருந்த இடங்கள் வெளுத்திருக்காது. ஆகவே அண்மையில் வெட்டிய குஞ்சத்தின் ஒரு நூலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெளுப்பும் நீலமும் மாறி மாறிப் புள்ளியிட்டிருக்கும். வெட்டிப் பல ஆண்டு துவைத்த குஞ்சத்தில் அந்தப் புள்ளிகள் அழிந்து, நூல் முழுவதும் வெளிறி, பஞ்சுபோல் உப்பி, ஒன்றோடொன்று சிக்கியிருக்கும்.

அதோடு வெளுப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். முழங்காலை நோக்கிப் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போய் விளிம்பில் திடீரென அறுந்தால், ஜீன்ஸாக அணிந்தபோது விழுந்த வெளுப்பு அது. வெட்டிய பின் அதிகம் அணியவில்லை. விளிம்பை ஒட்டியே தனியாகத் தேய்மானம் இருந்தால், வெளியே தொங்கும் பாக்கெட் பை வெயிலில் பழுத்திருந்தால், வெட்டிய பின் நெடுநாள் அணிந்திருக்கிறார்கள்.

படி 9: அளவும், வாங்கும் முன் கேட்க வேண்டியதும்

லேபிளில் உள்ள இடுப்பளவை நம்பி வாங்காதீர்கள். சுருங்கும் துணியில் தைத்த பழைய 501, எழுதிய அளவைவிட ஒன்றிரண்டு இன்ச் குறைவாகவே இருக்கும். பட்டியைச் சமமாக விரித்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். முன்பக்க உயரத்தையும் தொடை அகலத்தையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்கினால் ஐந்து படங்கள் கேளுங்கள். உள்லேபிளின் இரண்டு பக்கம், வெளிக்கால் தையலின் உள்புறம், பின்பாக்கெட் மூலையின் உள்புறம், குஞ்சத்தின் மிக நெருக்கமான படம். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். நீங்களே விற்பதாக இருந்தால் இரண்டு வயதையும் எழுதுங்கள்: "80களின் பிற்பகுதி 501, அமெரிக்கத் தயாரிப்பு, பின்னாளில் வெட்டியது" என்பதே நேர்மையான விவரம். சிவப்புக் கரையோ உள்ரிவெட்டோ உள்ள முழு நீள ஜீன்ஸ் கையில் கிடைத்தால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். ஷார்ட்ஸ் வேண்டுமென்றால் ஏற்கெனவே முழங்கால் கிழிந்த 90களின் ஜீன்ஸ் ஒன்றைத் தேடுங்கள். நினைத்த நீளத்துக்கு இரண்டு இன்ச் கீழே வெட்டுங்கள். துவைத்த பிறகு மீதியைக் குறைத்துக்கொள்ளலாம்.