கப்பல் கவிழும் என்று வாசகருக்கு முன்பே தெரியும், அப்புறம் எதை எழுதுவது?

உண்மையில் நடந்த கப்பல் விபத்தை வைத்துக் கதை எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் தெரியும். "தப்பிப்பார்களா?" என்ற கேள்வி ஓரளவுதான் இழுக்கும். "அவன் ஏன் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றான்?" என்ற கேள்விதான் கடைசிவரை கூட வரும். முதன்முதலில் எழுத உட்கார்பவர்களுக்காக, ஒரே விபத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விபத்தைத் தேர்ந்தெடுங்கள்

டைட்டானிக்கை விட்டுவிடுங்கள். எதை எழுதினாலும் வாசகர் மனதில் சினிமாக் காட்சிதான் ஓடும். நான் எடுத்துக்கொள்வது ஈஸ்ட்லாந்து. 1915 ஜூலை 24, சனிக்கிழமை காலை. சிகாகோ ஆற்றில், கரையில் கட்டியிருந்த நிலையிலேயே அந்தக் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் இறந்தார்கள். ஆழம் ஏறக்குறைய 20 அடி, கரையும் கூப்பிடு தூரத்தில்தான். புயலும் இல்லை, பனிப்பாறையும் இல்லை.

குடும்பக் கதைக்கு இது பொருந்துவதற்குக் காரணம், ஏறியவர்கள் யார் என்பதுதான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு மிச்சிகன் சிட்டிக்கு உல்லாசப் பயணம் கிளம்பியிருந்தார்கள். செக், போலந்து வழிவந்த குடும்பங்கள் நிறைய. 22 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

படி 2: காலக்கோடு போடுங்கள்

ஒரே ஒரு தாள் போதும். ஆறரைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். சற்று நேரத்தில் கப்பல் கரைப்பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. ஏழே கால் வாக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள், இப்போது சாய்வு ஆற்றுப்பக்கம். ஏழரைக்குச் சற்று முன் முழுவதும் கவிழ்ந்தது.

அதாவது உங்கள் கதைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் சாய்ந்து நிமிர்ந்த கப்பலைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பார்கள். கதை அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

படி 3: காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பாத்திரத்திடம் சொல்லாதீர்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். என் முதல் வரைவில் ஒரு தாத்தா மேல்தளத்தில் நின்றுகொண்டு கப்பலின் எடைக் கணக்கைப் பேரனுக்கு இரண்டு பக்கம் பாடம் எடுத்தார். படித்த நண்பர், "இவர் யார், விசாரணை அதிகாரியா?" என்று கேட்டார். சரி, தாத்தாவை நீக்கினேன்.

காரணம் இதுதான்: ஈஸ்ட்லாந்து ஏற்கெனவே மேல்பாரம் கூடிய கப்பல். அடியில் நீர் நிரப்பிக் கப்பலை நிலைப்படுத்தும் தொட்டிகளையும் அன்று சரியாகக் கையாளவில்லை. டைட்டானிக்குக்குப் பிறகு, கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் போதுமான அளவு வேண்டும் என்று அமெரிக்கா 1915 மார்ச்சில் சட்டம் போட்டது. அதையொட்டி ஜூலை தொடக்கத்தில் இந்தக் கப்பலின் மேலே கூடுதல் படகுகளும் மிதவைகளும் ஏற்றினார்கள். உயிர் காக்க வந்த பாரம் அதைக் கவிழ்க்க உதவியது.

பயணிகளுக்கு இது எதுவும் தெரியாது. மேலே தொங்கும் புதுப் படகுகளைப் பார்த்து, "நல்லவேளை, இத்தனை படகு இருக்கிறது" என்று ஒரு அம்மா நிம்மதியடையட்டும். விஷயம் தெரிந்த வாசகருக்கு வயிறு கலங்கும். தெரியாதவருக்குப் பிற்பாடு கலங்கும்.

படி 4: குடும்பத்தைப் பிரித்து நிறுத்துங்கள்

அன்று காலை தூறல். அதனால் பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். இந்த ஒரு தகவலை வைத்தே முழுக் கதையையும் கட்டலாம். நான் எழுதிப் பார்த்தது இது:

*தூறல் விழுந்ததும் அம்மா தம்பியின் தொப்பியைத் தடவிப் பார்த்தாள். புதுத் தொப்பி. "இவனைக் கீழே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ அப்பாவோடு இரு." படிக்கட்டில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். தம்பி கையிலிருந்த உருண்டை மிட்டாய் தவறி விழுந்து, படியோரம் ஆற்றுப்பக்கமாக உருண்டு போனது. அவன் அழவில்லை. அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கினான்.*

இதில் ஆபத்து என்ற சொல்லே இல்லை. சாய்வை ஒரு மிட்டாய் சொல்லிவிட்டது. தொப்பி நனையக்கூடாது என்ற சின்ன ஆசையால் இரண்டு பேர் கீழே போகிறார்கள், இரண்டு பேர் மேலே நிற்கிறார்கள். அப்பா பிற்பாடு அந்தத் தொப்பியின் விலையை நினைத்துக்கொண்டே இருப்பார்.

படி 5: பெயர் விஷயம்

குடும்பம் முழுக் கற்பனையாக இருக்கட்டும். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தை அப்படியே தூக்கி வைக்க வேண்டாம், அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கலாம். உண்மையான கேப்டனைக் காட்டலாம், ஆனால் அவர் பேசாத வசனத்தை அவர் வாயில் வைக்காதீர்கள். தூரத்தில் கத்தும் ஒரு குரலாக அவர் இருந்தால் போதும்.

படி 6: கவிழ்வதைச் சுருக்கமாக எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். கீழ்த்தளத்தில் மேசை நாற்காலிகள் சரிந்ததையும், மேலே இருந்த சிலர் பக்கவாட்டில் ஏறி, அருகே வந்த இழுவைப் படகுக்குத் தாவியதையும் ஒரே ஆளின் கண் வழியாகக் காட்டுங்கள். எல்லோருடைய சாவையும் காட்ட நினைத்தால் எவருடைய சாவும் மனதில் நிற்காது.

படி 7: அதற்குப் பிறகான நாட்கள்

பக்கங்களைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உடல்களை ஒரு படைப்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கிடத்தி, எண் போட்டு வைத்திருந்தார்கள். குடும்பங்கள் வரிசை வரிசையாக நடந்து தேடின. ஒரு சிறுவனைத் தேடி நாள்கணக்கில் யாருமே வரவில்லை, அவனுடைய பெற்றோரும் அக்காவும் அதே கப்பலில் இறந்துபோயிருந்தார்கள். கடைசியில் பாட்டி வந்தார். அவன் போட்டிருந்தது போலவே இன்னொரு கால்சட்டையைக் கையில் கொண்டுவந்து அடையாளம் காட்டினார்.

இந்தப் பாட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குடும்பத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டவர் யார், அவர் கையில் எதை எடுத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போவார் என்று யோசியுங்கள். பதில் கிடைத்ததும், அந்தப் பொருளை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுபோய், யாரும் கவனிக்காத ஒரு மூலையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.