முதல் கீமோவுக்கு முன்: நோயாளியை ஆயத்தப்படுத்துவதில் நேரும் தவறுகள்

புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்து ஏறத் தொடங்கும் நாளில்தான் செவிலியரின் வேலையும் தொடங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பல மருத்துவமனைகளில் பணி ஒழுங்கும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் முதல் சுற்று முடிந்த பத்தாம் நாள், இரண்டு நாள் காய்ச்சலை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டிருந்துவிட்டுத் தளர்ந்துபோய் வந்து சேரும் நோயாளியிடம் ஏன் உடனே வரவில்லை என்று விசாரித்தால், சிகிச்சைக்கு முந்திய வாரத்தில் யாரும் கேட்காமலோ சொல்லாமலோ விட்ட ஏதோ ஒன்று வெளியே வரும்.

எளிதாகத் தவிர்க்கக்கூடியது, எடையையும் உயரத்தையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் தவறு. பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவு உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது வழக்கமான கணக்கு. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் பழைய நினைவில் 60 கிலோ என்று சொன்னால் உடற்பரப்பு 1.63 சதுர மீட்டர். இரைப்பைப் புற்றுநோயால் உணவு இறங்காமல் அவர் இப்போது 50 கிலோவாக இளைத்திருந்தால் அது 1.49 மட்டுமே. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் செருப்பைக் கழற்றச் சொல்லி, தராசில் நிறுத்திப் பார்த்தே எழுத வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, குடும்பத்தார் செவிலியரைத் தனியே அழைத்து, “என்ன நோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்” என்று கேட்டுக்கொள்ளும் சூழல். அன்பினால் வரும் வேண்டுகோள் அது. அதற்கு இணங்கி, “சத்து ஊசிதான் ஐயா” என்று சொல்லிவிடுவதுதான் தவறு. சத்து ஊசி என்று நம்புகிறவர் முடி கொட்டும்போது அதிர்ந்துபோவார், வாந்தி வந்தால் அடுத்த சுற்றை மறுப்பார், காய்ச்சலைப் பொருட்படுத்தவும் மாட்டார். தவிர, எதற்கென்றே தெரியாமல் ஒப்புதல் படிவத்தில் இடும் கையெழுத்துக்கு என்ன பொருள்? அதற்காகக் குடும்பத்தை மீறிச் செவிலியர் தாமாகவே நோயின் பெயரைப் போட்டு உடைக்க வேண்டும் என்பதில்லை. “உங்கள் உடம்புக்கு என்ன என்று இதுவரை சொல்லியிருக்கிறார்கள்? இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?” என்று நோயாளியிடமே கேட்கலாம். பலர் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். அவர் சொல்லும் பதிலை மருத்துவரிடம் தெரிவித்து, குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்வது செவிலியரால் இயலும்.

“வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்வியும் போதாது. கஷாயத்தையும் பச்சிலைச் சாற்றையும் நம் மக்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்ப்பவர்களும் திட்டு விழும் என்று மறைப்பார்கள். காலையில் எழுந்தது முதல் என்னென்ன குடிப்பீர்கள் என்று கடிந்துகொள்ளாத குரலில் கேட்டால் உண்மை வரும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, சுகர் மாத்திரை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதைச் சர்க்கரை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் தொற்றுக்கான பரிசோதனை முடிவு கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். இளம் வயதினரிடம் குழந்தைப்பேறு பற்றிக் கேட்கக் கூசிக் கடந்துவிடுகிறோம். விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பதானால் முதல் சுற்றுக்கு முன்பே செய்வதுதான் நல்லது. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறப்போகிறவரின் பற்களும் அப்படியே: பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிப் புண் ஆறவிடாவிட்டால், பின்னாளில் தாடை எலும்பே அழியும் ஆபத்து உண்டு.

சிறு விவரங்களைச் சொல்லாமல் விடுவதும் நோயாளியை அலைக்கழிக்கிறது. ரத்தப் பரிசோதனைப் பழக்கத்தில் பலர் கீமோவுக்கும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். லேசாகச் சாப்பிட்டு வருவதே பொதுவாக நல்லது. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து பெறுபவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை முந்தின நாளே தொடங்க வேண்டியிருப்பதால், அதை நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்பதில் பயனில்லை. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று சொல்லிவைக்காவிட்டால், ரத்தம் போகிறது என்று அன்றிரவே வீடு பதறும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு காய்ச்சலைப் பற்றிய அரைகுறைப் பேச்சு. கீமோ ஏறிய பின் பொதுவாக 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்துபோகும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அவசரநிலை; மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருந்தால் சூடு தணிந்து கிருமித் தொற்று மறைந்தே வளரும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் வீட்டில் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. தெர்மாமீட்டர் வாங்கச் சொல்லி, அதில் எண்ணை வாசித்துக் காட்டச் செய்ய வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “இரவு இரண்டு மணிக்கு உடம்பு சுட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, பதிலை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். காரில் அழைத்து வந்து மறுநாளே ஊருக்குத் திரும்பிவிடும் மகனிடம் இதைச் சொல்லி அனுப்பாமல், இரவில் பக்கத்தில் படுத்திருக்கப்போகும் மனைவியை அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனைக்கே ஓட நேர்ந்தாலும் கீமோ எடுப்பவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிச் சிகிச்சை அட்டையைக் காட்டும்படி அவருக்குத்தான் பழக்க வேண்டும்.